ஒரே குரு, இரண்டு தாவல்கள்

ருடால்ப் நூரியேவ் என் ஆதர்ச நாயகன் என்று சொன்னால், பாலே தெரிந்தவர்கள் உடனே மிகைல் பாரிஷ்னிகோவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும். ஒப்பிடத் தோதான ஜோடிதான்.

இருவருமே லெனின்கிராடின் வகனோவா பள்ளியில் அலெக்சாண்டர் புஷ்கினிடம் பயின்றவர்கள். அந்நகரின் கிரோவ் பாலே குழுவில் ஆடியவர்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சோவியத் நாட்டை உதறியவர்கள். பாரிஷ்னிகோவ் 1974 ஜூனில் டொராண்டோவில், நிகழ்ச்சி முடிந்ததும் நண்பர்கள் ஏற்பாடு செய்திருந்த காரை நோக்கி ஓடினார். நூரியேவுக்குத் திட்டம் போட நேரமே இருக்கவில்லை. 1961 ஜூனில் பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில், குழுவினர் லண்டனுக்குப் புறப்பட, அவரை மட்டும் மாஸ்கோவுக்குத் திரும்பச் சொன்னார்கள். போனால் மறுபடி வெளியே விடமாட்டார்கள் என்று புரிந்தது. பிரெஞ்சுப் போலீசாரிடம் அடைக்கலம் கேட்டுவிட்டார்.

ஆட்டத்திலும் இந்த வேறுபாடு தெரியும். பாரிஷ்னிகோவ் ரீகாவில் சிறுவயதிலேயே பயிற்சி தொடங்கியவர். உயரம் குறைவு. ஆனால் எழும்பும்போது எங்கிருந்து விசை வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. நுட்பத்தில் அவர்தான் மேல். இதில் வாதத்துக்கு இடமில்லை. நூரியேவ், ஊஃபா நகரிலிருந்து வந்த தாதர் இனப் பையன். படையில் இருந்த அப்பாவுக்கு நடனமே பிடிக்காது. வகனோவாவில் சேர்ந்தபோது வயது 17. பாலே உடலுக்கு அது ரொம்பத் தாமதம். அந்தப் பாக்கியைக் கடைசிவரை அடைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தாவலிலும் உழைப்பு வெளியே தெரியும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

இன்னொன்று: பெண்ணைத் தாங்கிப் பிடிப்பதே ஆணின் முக்கிய வேலை என்றிருந்த மேடையை மாற்றியதில் நூரியேவுக்குப் பெரிய பங்கு உண்டு. 'அன்ன ஏரி'யைத் தன் வழியில் அமைத்தபோது இளவரசனுக்குத் தனி ஆட்டங்களைக் கூட்டினார். அதே ஆள்தான் 1962 முதல் பிரிட்டிஷ் பாலே நட்சத்திரம் மார்கோ ஃபான்டெய்னுக்கு இணையாக ஆடினார். ஃபான்டெய்ன் அவரைவிட ஏறக்குறைய 19 வயது மூத்தவர். ஃபான்டெய்னின் மேடை வாழ்வு அந்த இணையால் இன்னும் பல ஆண்டுகள் நீண்டது.

பாரிஷ்னிகோவுக்குக் கிடைத்த சுதந்திரம் வேறு வகையில் செலவானது. டிவைலா தார்ப், பாலன்சின் என்று தனக்குப் புதிய நடன அமைப்பாளர்களிடம் மாணவனாகவே போய் நின்றார். 1990-இல் நடன அமைப்பாளர் மார்க் மோரிஸுடன் சேர்ந்து நவீன நடனக் குழு ஒன்றைத் தொடங்கினார். உடல் மாற மாற ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டார். அறிவாளி.

நூரியேவுக்கு அந்த அறிவு வரவேயில்லை. 1983-இல் பாரிஸ் ஓப்பரா பாலேயின் இயக்குநராகி, நடனமணி சில்வி கியெமை 19 வயதில் உச்சத் தகுதிக்கு உயர்த்தினார். நடன அமைப்பாளர் ஃபோர்சைத்தைப் புதுப்படைப்புக்கு அழைத்தார். மற்றவர்களுக்குக் காலம் மாறுவதைப் புரிந்துகொண்டவர், தன் விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உடல் தளர்ந்த பிறகும் பழைய பாத்திரங்களோடு ஊர் ஊராகப் போனார். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், சில இடங்களில் கூச்சலும் போட்டார்கள். 1992 அக்டோபரில், எய்ட்ஸ் நோய் முற்றிய நிலையிலும், இந்தியக் கோயில் நடனப்பெண்ணின் கதையான 'லா பயதேர்' பாலேயைப் பாரிஸில் முழுமையாக அரங்கேற்றினார். மூன்றே மாதத்தில் இறந்தார்.

எப்போது நிறுத்துவதென்று தெரியாதது குறைதான். ஆனால் எதற்கும் காலம் கடந்துவிட்டது என்று நம்பக்கூடிய ஆளாக இருந்திருந்தால், 17 வயதில் அந்தப் பள்ளியின் கதவைத் தட்டியே இருக்கமாட்டார்.