தென்னை ஈரியோபைட் சிலந்தி

தென்னங்குரும்பையின் சாற்றை உறிஞ்சி வாழும் மிக நுண்ணிய உயிரி. பெயரில் சிலந்தி இருந்தாலும் வலை பின்னாது, பூச்சியினத்திலும் சேராது. செஞ்சிலந்தி முதலிய மற்றச் சிலந்திப் பேன்களுக்கு எட்டுக் கால்கள், இதற்கு நான்குதான். புழுப்போல் நீண்ட வெளிறிய உடல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளம். மெக்சிகோவின் குர்ரெரோ மாநிலத் தேங்காய்களில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஆய்வாளர் கீஃபர் 1965இல் இதை விவரித்தார். அசேரியா குர்ரெரோனிஸ் என்ற அறிவியல் பெயர் அந்த மாநிலத்தை ஒட்டியது.

இலங்கையின் கற்பிட்டியில் 1997 இறுதியிலும், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1998இலும் தென்பட்டது. கேரளத்தார் மண்டரி என்றனர். சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் பரவிவிட்டது. தானாக நெடுந்தொலைவு நகர இயலாத இந்த உயிரியைக் காற்றே மரத்துக்கு மரம் கொண்டுசேர்க்கிறது.

கருவுறாத பெண்பூவை இது அண்டுவதில்லை. காய் பிடித்ததும், காம்பை ஒட்டித் தொப்பிபோல் மூடியிருக்கும் இதழ்களின் இடுக்கில் நுழைந்து பெருகுகிறது. முட்டை முதிர்ந்த சிலந்தியாகப் பத்து நாள் போதும். முதல் அடையாளம் தொப்பியின் விளிம்புக்குக் கீழே தெரியும் வெளிர் முக்கோணத் திட்டு. காய் பெருக்கப் பெருக்க அது பழுப்பாகி, நெடுக்கில் வெடித்து, சில வெடிப்புகளில் பிசின் கசியும். கடுமையாகத் தாக்கிய காய் சிறுத்துக் கோணலாகும், கொப்பரை குறையும், மட்டை இறுகுவதால் உரிப்பவருக்கும் தொல்லை, நாருக்கும் தரம் போய்விடும்.

ஈரியோபைட் குடும்பத்து ஆய்வு தென்னிந்தியாவில் தென்னைச் சேதத்துக்கு வெகுமுன்பே வேரூன்றியது. துவரையில் மலட்டுத் தேமல் நோயைப் பரப்பும் அசேரியா கஜானியையும், மல்லிகை இலையில் வெண்பஞ்சுபோல் மயிர் அடரச் செய்யும் அசேரியா ஜாஸ்மினியையும் பெங்களூரின் ஜி. பி. சன்னபசவண்ணா 1966இல் விவரித்தார். கோயம்புத்தூர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எம். மோகனசுந்தரம் 1980களில் தென்னிந்தியச் செடிகொடிகளிலிருந்து பல புதிய இனங்களைப் பதிவுசெய்தார். கண்ணாடித் தகட்டில் பதித்த உடலின் வளையங்களையும், இறகு வடிவ நகத்தின் கிளைகளையும் நுண்ணோக்கியில் எண்ணித்தான் இனம் பிரிக்க முடியும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அது இல்லாமல் எந்த நோயை எது பரப்புகிறது என்று சொல்ல வழியில்லை.

தென்னைச் சிலந்தி இதழிடுக்கில் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. கண்மூடித்தனமாகப் பூச்சிக்கொல்லி அடித்தால், இந்தச் சிலந்தியை உண்ணும் நியோசியூலஸ் பராக்கி போன்ற இரைகொல்லிச் சிலந்திகள்தாம் முதலில் மடியும். ஹிர்சுட்டெல்லா தாம்சோனி என்ற பூஞ்சையும் இதைக் கொல்லும். பரிந்துரைக்கப்படும் கரைசல்: ஒரு லிட்டர் நீருக்கு வேப்பெண்ணெய் 20 மி.லி., பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம். இளங்குலைகளின் மேல் படுமாறு தெளிக்க வேண்டும். மற்றொரு முறை வேரூட்டம். பென்சில் கனமுள்ள இளவேரைச் சாய்வாகச் சீவி, 5 சதவீத அசாடிராக்டின் மருந்து 7.5 மி.லி.யுடன் அதே அளவு நீர் கலந்து ஊற்றிய பாலித்தீன் பையில் நுனி மூழ்கக் கட்டுவார்கள். முற்றிய காய்களை முன்னதாகவே பறித்துவிட்டு, அடுத்த பறிப்பை 45 நாள் தள்ளிப்போட வேண்டும். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும், போதிய சாம்பல் சத்தும் இட்டு மரத்தின் தாங்கும் திறனைக் கூட்டுவது மருந்தைவிட நீடித்த பயன் தரும்.

கம்மாபுரம், நெய்வேலி வட்டார உழவர்கள் வடு விழுந்த குரும்பையை விருத்தாசலத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, சிலந்திதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருந்து வாங்குவது நல்லது.