பட்டம் கடந்த எல்லை

வாள்கொண்டு கடந்த எல்லைகள் வரலாற்றிலே ஏராளம். ஏடுகொண்டு கடந்த எல்லைகளோ மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்றின் கதை இது.

இத்தாலியிலே பொலோனா நகர். 1088-ஆம் ஆண்டிலே அங்குப் பல்கலைக் கழகம் தோன்றியதென்பது மரபு. ஐரோப்பாவின் பல திக்குகளினின்றும் மாணவர் அங்குச் சட்டம் பயிலச் சென்றனர். நாட்டான் ஒருவன் பட்ட கடனுக்கு, அதே நாட்டு மாணவனைப் பிடித்து வாட்டும் கொடுமை அந்நாளில் இருந்தது. பிரெடரிக் பார்பரோசா மன்னன் 12-ஆம் நூற்றாண்டிலே அதனைத் தடுத்து ஆணையிட்டான். கற்க வந்தவனைக் காப்பது அரசின் கடன் என்ற நெறி அன்று முளைத்தது.

ஆனால், தோழர்களே, அக்கல்வி யாருக்கு? இலத்தீன் கற்றவனுக்கு, பொருள் படைத்தவனுக்கு, திருச்சபையின் தயவு பெற்றவனுக்கு! பெண்ணுக்கோ? 1732-இலே லாரா பாஸி என்னும் அறிவுச் செல்வி அங்கே பட்டமும் பேராசிரியப் பதவியும் பெற்றார். பெற்றும் என்ன? ஆடவரைப்போல் தாராளமாகப் பாடஞ்சொல்லும் உரிமை அவருக்கு இல்லை, பெண்ணென்பதே காரணம்!

பின்னர் நாடுகள் தத்தம் வேலிக்குள் ஒடுங்கின. ஒரு நாட்டின் பட்டம் மறு நாட்டில் செல்லாக் காசாயிற்று. இரு பெரும் போர்களின் சாம்பலிலிருந்து எழுந்த பிறகே புத்தி தெளிந்தது. 1987-இலே எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளின் 3,244 மாணவர் அயல்நாடு சென்று பயின்றனர். 1997-இலே லிஸ்பன் உடன்படிக்கை. அதன் சிறப்பென்ன? 'என் பட்டம் சமம்' என்று மாணவன் மன்றாட வேண்டியதில்லை. 'சமமல்ல' என்போரே பெரும் வேறுபாட்டை மெய்ப்பிக்க வேண்டும். தடுப்பவனே காரணம் காட்டட்டும் என்பதன்றோ பகுத்தறிவு!

1999 ஜூன் 19. அதே பொலோனாவிலே 29 நாடுகளின் அமைச்சர்கள் ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டனர். கட்டளையிடும் பேரரசு ஏதுமில்லை. கட்டுப்படுத்தும் சட்டமும் இல்லை. அவரவர் நாட்டில் அவரவரே சட்டம் திருத்தினர். ஓராண்டுப் படிப்புக்கு 60 மதிப்பலகுகள் என்ற பொது அளவுகோல் பரவியது. பாடமொழி ஒன்றாகவில்லை, பாடநூல் ஒன்றாகவில்லை. ஒருமைப்பாடு வேறு, ஒரேமாதிரியாக்கல் வேறு என்பதற்கு இது சான்று.

குறையே இல்லையா? உண்டு. 2009-இலே வியன்னா மாணவர் பல்கலைக் கழகப் பேரவைக் கூடத்தையே கைப்பற்றி அமர்ந்தனர். படிப்பைச் சுருக்கித் திணிப்பதா, கல்வியைக் கடைச்சரக்காக்குவதா என்று முழங்கினர். 2022-இலே உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ரஷ்யாவும் பெலாரசும் இவ்வமைப்பில் பங்கேற்கும் உரிமையை இழந்தன. பீரங்கி முழங்கினால் பாடசாலைக் கதவு அடைபடும் என்பது மீண்டும் விளங்கிற்று.

2007-இலே லண்டனில் கூடிய அமைச்சர்கள் நல்லதோர் உறுதி கூறினர்: மக்கட் சமுதாயத்தின் பன்மை மாணவர் கூட்டத்திலும் விளங்கவேண்டும் என்றனர். உரைகல் அதுவே! அயல்நாடு செல்ல அனுமதி உண்டு. வழிச்செலவுக்கு வகையில்லையேல் ஏழை மாணவனுக்கு அந்த அனுமதி வெறுங்காகிதம். எத்தனை நாடுகள் ஒப்பமிட்டன என்று எண்ணுவது எளிது. எவர் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்தனர் என்று எண்ணுவோம், தோழர்களே. ஒப்பந்தத்தின் உண்மை மதிப்பு அக்கணக்கிலேதான் இருக்கிறது.