தங்கவயலின் கொய்யா சீஸ்

டிசம்பர் பிறந்தால் கோலார் தங்கவயலின் ஆங்கிலோ-இந்திய வீடுகளில் அடுப்புக்கு ஓய்வு இருக்காது. குல்குல், அச்சு முறுக்கு, ரம்மில் ஊறிய பழங்கள் சேர்ந்த கேக் என்று பலகாரங்கள் வரிசை கட்டும். அவற்றில் அதிகப் பொறுமை கேட்பது கொய்யா சீஸ்: பழக்கூழும் சர்க்கரையும் சேர்ந்து இறுகிய செந்நிறத் துண்டு.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. பிரிட்டிஷ் பொறியாளர்கள், ஆங்கிலோ-இந்தியர்கள், வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் என்று ஊர் பெருகியது. 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் சமையலறைக்குக் குளிர்பெட்டி வர வெகுகாலம் ஆனது. அதுவரை பழத்தைக் காத்தவை சர்க்கரையும் நெருப்பும்தான்.

இந்தப் பக்குவம் போர்த்துகீசியர் வழி வந்தது. அவர்கள் தம் நாட்டில் சீமை மாதுளம்பழத்தைச் சர்க்கரையோடு கிளறி ‘மார்மெலாடா’ செய்தார்கள். பிரேசிலில் அதே முறையில் கொய்யாவைக் கிளறியபோது ‘கோயாபாடா’ பிறந்தது. கோவாவில் அதன் பெயர் ‘பெராடா’. கொய்யா அமெரிக்கக் கண்டத்து மரம். கரும்புச்சாற்றைச் சர்க்கரையாக்கும் வித்தையோ இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. இங்கிருந்து போன வித்தைதான் அயல்நாட்டுப் பழத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

செய்முறையில் ஒளிவுமறைவு இல்லை. கொய்யாவை வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்க வேண்டும். கூழோடு ஏறக்குறைய சம எடை சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளற வேண்டும். கொதிக்கும் கூழ் கையில் தெறித்துச் சுடும். அதனால் நீளமான மரக்கரண்டி தேவை. சிறிது வெண்ணெய் சேர்த்து, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதத்தில் இறக்கி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவிட்டு வில்லை போட வேண்டும்.

கூழை இறுக்குவது பழத்திலுள்ள பெக்டின். 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ அதை விவரித்தார். கனிந்த பழத்தைவிட அரைக்காயில் பெக்டின் அதிகம். அதனால் செங்காய்களும் சில சேர்த்தால் நன்றாக இறுகும். நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் சர்க்கரை ஏறிவிட்டால், பெரும்பாலான நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய ஈரம் மிஞ்சாது. மாவடு ஜாடியில் உப்பு பார்க்கும் வேலையும் இதுவே.

2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல அதற்கு முன்பே பெங்களூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் பெயர்ந்திருந்தன. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார், கைப்பழக்கமாக இருந்த ஆங்கிலோ-இந்தியப் பக்குவங்களைத் தொகுத்துச் சமையல் நூல்களாக்கினார். ஊரின் பழைய வாழ்க்கையைப் பற்றியும் தனியாக ஒரு நூல் எழுதினார். பெங்களூரில் இன்று கிறிஸ்துமஸ் சமயத்தில் கொய்யா சீஸ் கேக்கோடு விற்பனைக்கும் வருகிறது.