ஒட்டுநிலைச் சொல்லாக்கமும் கேமரன் மலைத் தமிழும்: கால்டுவெல் ஒப்பீட்டின் இன்றைய பயன்

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அம்மொழிகளைத் துருக்கியம், பின்னியம் முதலியன அடங்கிய 'சிதியன்' தொகுதியோடு உறவுடையனவாகக் கருதினார். அவ்வினவுறவைப் பிற்கால மொழியியலார் ஏற்கவில்லை. ஆயினும், அடிச்சொல்லின் பின் உருபுகள் நிரலே ஒட்டும் அமைப்பொற்றுமை மறுக்கவியலாதது. இவ்வொற்றுமை மலேசியத் தமிழாசிரியர்க்கு எவ்வகையில் பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பகாங் மாநிலத்தில் லெம்பா பெர்த்தாமை உள்ளடக்கிய கேமரன் மலையில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலைத் தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் உழைத்தனர். அவர்தம் வழியினர் தமிழோடு மலாயையும் நாள்தோறும் வழங்குகின்றனர். ஆதலின், அவர்க்கு நன்கு அறிமுகமான 'தொழிலாளி' என்னும் சொல்லையே ஈண்டுச் சான்றாகக் கொள்ளலாம்.

இச்சொல் தொழில்+ஆள்+இ எனப் பிரியும். துருக்கியத்தில் 'இஷ்' என்பது வேலை. அதனோடு 'சி' சேர, 'இஷ்சி' (தொழிலாளி) ஆகும். 'லெர்' பன்மையையும், 'இமிஸ்' தன்மைப் பன்மை உடைமையையும், 'எ' நான்காம் வேற்றுமையையும் உணர்த்தும். எனவே 'இஷ்சிலெரிமிஸெ' என்னும் ஒரு சொல் 'நம் தொழிலாளிகளுக்கு' எனப் பொருள்படும். தமிழில் 'நம்' முன்னே தனித்து நிற்பதும், துருக்கியத்தில் உருபின் உயிர் அடிச்சொல்லின் உயிருக்கு இயையத் திரிவதும் இரண்டிற்குமுள்ள வேறுபாடுகள். வீட்டைக் குறிக்கும் 'எவ்', பன்மையில் 'எவ்லெர்' ஆக, குதிரையைக் குறிக்கும் 'அத்', 'அத்லார்' ஆவது இதற்குச் சான்று.

மலாய் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. 'கெர்ஜா' (வேலை) முன்னொட்டுப் பெற்றுப் 'பெகெர்ஜா' (தொழிலாளி) ஆகிறது. நான்காம் வேற்றுமைப் பொருளைக் 'கெப்பாடா' என்னும் தனிச்சொல் முன்னின்று உணர்த்துகிறது. அவ்வாறே 'கெ பெர்த்தாம்' என இரு சொல்லாவது, தமிழில் 'பெர்த்தாமுக்கு' என ஒரு சொல்லாகிறது. உருபைப் பெயரிலிருந்து பிரித்து எழுதும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைக் காட்டித் திருத்துதல் எளிது.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூல் கூறும் பதவுறுப்புகள் ஆறும் வகுப்பறையில் பெரும்பாலும் மனனத்திற்குரிய பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. மாணவர் வாழும் ஊரின் பெயரையும் அவர் வீட்டார் செய்யும் தொழிலின் பெயரையும் பகுத்துக் காட்டி, மலாயோடும் துருக்கியத்தோடும் ஒப்பிட்டால், அவ்விலக்கணம் தம் நாவில் வழங்குவதே என்பதை அவர் உணர்வர். கால்டுவெல் தொடங்கிய ஒப்பீடு இனவுறவை நிறுவாவிடினும், மொழி கற்பித்தலுக்கு இன்றும் துணைசெய்யும் எனலாம்.