தஞ்சைப் புலவரும் சமபந்தியும்

கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு விடுத்த சுற்றுமடல், சாதி வேறுபாட்டை உடனே முற்றிலுமாகக் கைவிடப் பணித்தது. ஆயினும் தஞ்சையில் சாதி பற்றிய பூசல் அதற்கு நான்காண்டுகள் முன்பே முற்றிவிட்டது. அதன் நடுவே நின்றவர் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார்.

1774இல் பாளையங்கோட்டையில் வேளாளக் குடும்பத்தில் பிறந்து, மூத்த மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பெற்று, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் நட்புக்கும் உரியவரான அப்புலவர், கோயிலில் எல்லாச் சாதியாரும் கலந்து அமர வேண்டும், திருவிருந்தில், அதாவது இயேசுவின் இறுதி இராப்போஜனத்தை நினைந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கில், ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்று இளைய மிஷனரிகள் வற்புறுத்தியதைக் கடுமையாக எதிர்த்து, மிஷன் வேலையையும் இழந்தார். சாதி குலவழக்கமே, அதற்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை, சுவார்ட்ஸ் பொறுத்துக்கொண்டதை இவர்கள் ஏன் பொறுக்கவில்லை என்பது அவர் வாதம். அவர்கள் வேதமொழிபெயர்ப்பைத் திருத்தியதையும், விழாக்களில் மலர்களைப் பயன்படுத்துவதைத் தடுத்ததையும், தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்கியதையும் சாதிக் கலப்போடு சேர்த்து நான்கு கொடுமைகளாக அவர் எண்ணினார். கீர்த்தனையையும் மலரையும் காக்க எழுந்த குரலில் நியாயம் முழுமையாக இருந்தது. மண்ணின் இசையை அந்நியர் துடைத்தெறிவதை ஒரு பெருங்கவிஞர் எப்படிப் பொறுப்பார்? ஆனால் அதே மூச்சில் பந்திப் பிரிவினையையும் காக்க முனைந்தது அவர் பெருமைக்கு நேர்ந்த இழுக்கு. அந்தியோகியாவில் யூதரல்லாத புறவினத்தாருடன் உண்பதைத் தவிர்த்த திருத்தூதர் பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்ததை வேதத்தில் ஆழ்ந்த அவர் அறியாதவரல்லர்.

சாஸ்திரியார் தஞ்சையில் மூட முயன்ற வாயில் வேறிடங்களில் திறந்தது. மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் 'அன்பின் விருந்து' என்னும் பொதுவிருந்தில் கலந்துண்ண மறுத்த உபதேசியார், அதாவது ஊர்ச்சபைகளில் போதிக்கும் பணியாளர், பலரைச் சபையிலிருந்து விலக்கிவைத்தது. 1850இல் கூடிய சென்னை மிஷனரி மாநாடோ, பறையர் சமைத்த உணவை உண்டு சாதியைத் துறந்தவரே சபையில் சேரத்தக்கவர் என்று தீர்மானித்தது. அருகில் யார் அமர்ந்தார் என்பதைவிட உலையை ஏற்றியவர் யார் என்பதிலேயே சாதி உயிர்வாழ்கிறது என்பதை அத்தீர்மானம் கூர்மையாகக் கண்டது. எனினும், சமைத்தவரை விருந்தளிப்பவராக மதியாமல் பிறருடைய விசுவாசத்தைச் சோதிக்கும் கருவியாக்கியது அதன் பெருங்குறை. சேரியின் உலைச்சோறு அன்பின் அழைப்பாக வந்திருக்க வேண்டியது, தேர்வுத்தாளாக வந்தது.

இம்மாநாட்டின் போக்கை ஏற்க மறுத்துச் சாதியைக் குடிமை வழக்கமாகவே கருதிய லீப்சிக் லுத்தரன் மிஷனும், அதன் இயக்குநர் கார்ல் கிராவுலும் முன்வைத்த மறுப்பு அடுத்த இதழில் இடம்பெறும்.