கடைசலும் சொப்பும்: பரிசுப்பொருளின் வடிவ வரலாறு

தயிரை மத்தால் கடைவதற்கும் மரத்தைக் கடைசல் பிடிப்பதற்கும் தமிழில் வினை ஒன்றே. இதனைத் தற்செயல் எனத் தள்ளுதல் அரிது. மின்விசைக்கு முந்தைய கடைசலில், கட்டையைச் சுழற்றும் கயிற்றை உதவியாளர் மாறிமாறி இழுப்பார். மத்தைப் போலவே மரமும் முன்னும் பின்னுமாகச் சுழலும். மரம் உளியை எதிர்த்து வரும் சுற்றில் மட்டுமே சீவல் எழும், மறுசுற்று வீண்.

குழந்தைகளுக்குப் பரிசாகும் அம்பாசமுத்திரம் மரச்சொப்புகளின் வடிவங்களை இப்பின்னணியில் நோக்கவேண்டும். சிறுமியருக்கு இல்லறம் பயிற்றவே அடுக்களைப் பொருள்கள் சொப்பாயின என்னும் விளக்கம் பொருந்துவதே. எனினும் அது பெறுபவரை மட்டுமே கருதுகிறது. செய்பவரின் கருவிக்கும் இதில் பங்குண்டு. பானை, குடம், உரல், உலக்கை ஆகியன அச்சைச் சுற்றி அமைந்தவை. கடைசலில் எளிதில் உருவாவன. அரிவாள்மணை சுழற்சியில் பிறவாது. அதனைத் தனியே அறுத்துப் பொருத்தவேண்டும்.

வண்ணமும் சுழற்சியின் விளைவே. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில், சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. தாழையோலையால் தேய்க்க மெருகேறுகிறது. மோட்டார் வந்தபின் சுழற்சி ஒருதிசையாயிற்று, வீண்சுற்று ஒழிந்தது. கயிறிழுத்தவரின் வேலையும் உடன் ஒழிந்தது.