கோவை வழியே ஓர் இதய மருத்துவர்

இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் என்று அறியப்படும் டாக்டர் எஸ். பத்மாவதியைப் பற்றிய குறிப்புகளில் கோயம்புத்தூர் பெரும்பாலும் ஒற்றை வரியில் வந்து மறைகிறது: பர்மாவிலிருந்து தப்பி வந்து சேர்ந்த ஊர். அந்த வரியைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஒரு மருத்துவத் துறை ஒரு நாட்டில் எப்படி வேர் பிடிக்கிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அதில் இருக்கிறது.

பத்மாவதி 1917இல் பர்மாவின் மக்வே நகரில் பிறந்தவர். தந்தை பாரிஸ்டர். மகள் ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்களில் பலர் வழியிலேயே மடிந்தனர். பத்மாவதியும் தாயும் சகோதரிகளும் விமானத்தில் இடம் கிடைத்துத் தப்பி, கோவை வந்து சேர்ந்தார்கள். தந்தையும் சகோதரர்களும் பர்மாவிலேயே நின்றுவிட்டனர்.

அந்த ஆண்டின் கோவை, பைக்காரா மின்சாரத்தில் ஓடும் பஞ்சாலைகளின் ஊர். 1942 ஆகஸ்டில் அருகிலுள்ள சூலூர் விமானத்தளத்துக்குப் போராட்டக்காரர்கள் தீ வைத்தார்கள். மில் வேலையும் அரசியலும் ஒருசேரக் கொதித்த அந்த ஊரில் மருத்துவக் கல்லூரி ஒன்று வருவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது கோவையின் குறை மட்டுமன்று. இதயவியல் அன்று உலகின் பல பகுதிகளிலும் பொது மருத்துவத்தின் ஒரு கிளையாகவே கருதப்பட்டது. இந்தியாவில் அதற்கென உயர்பட்டம் எதுவும் இல்லை. இதய மருத்துவராக விரும்பியவர் கடல் கடந்தாக வேண்டும்.

1949இல் பத்மாவதி லண்டன் சென்றார். அங்கே தேசிய இதய மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் ஸ்வீடனில் சில மாதங்கள் பயின்றார். அங்கிருந்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக்கிடம் சேர்ந்தார். பிறவியிலேயே இதயக் கோளாறு கொண்டு நீலம்பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு 1944இல் முதன்முறையாகச் செய்யப்பட்ட அறுவைக்கு வழிகோலியவர் டாசிக். செவித்திறன் குன்றியிருந்ததால், குழந்தைகளின் மார்பில் கைவைத்தே இதயத்தின் போக்கை உணர்ந்தவர் அவர். 1952இல் ஹார்வர்டில் பால் டட்லி வைட் பத்மாவதியின் ஆசிரியரானார். நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் காப்பதை வலியுறுத்தியவர் வைட்.

1953இல் நாடு திரும்பி, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளரானபோது பத்மாவதிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அங்கே இதயநோய்ப் பிரிவொன்றை நிறுவினார். அவரது ஆய்வுகளில் நம் ஊர் வாசகர்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. நுரையீரல் பழுதுபட்டு, அதன் விளைவாக இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும் நோயை அவர் டெல்லியில் ஆராய்ந்தார். புகைப்பழக்கம் அரிதாக இருந்த பெண்களிடமும் அந்நோய் ஆண்களுக்கு நிகராகக் காணப்பட்டது. அதுவும் இளம் வயதிலேயே. சிறுமியாக இருந்த காலம் முதல் அடுப்படியில் சுவாசித்த வறட்டிப் புகையும் விறகுப் புகையுமே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அவர் சுட்டிக்காட்டினார். பருத்திமாரும் சோளத்தட்டையும் எரித்துச் சமைத்த கொங்கு நாட்டுச் சமையலறைகளுக்கும் இது பொருந்தும். மேல்நாட்டுப் பாடநூலை அப்படியே ஒப்புவிக்காமல், இந்தியப் பெண்ணின் அடுப்பைப் பார்த்து எழுதப்பட்ட மருத்துவம் அது.

1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 1966இல் உலக இதயவியல் மாநாடு டெல்லியில் நடந்ததில் அவரது பங்கு பெரிது. 1967இல் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதயவியலுக்கான டி.எம். பட்டப்படிப்பை இந்தியாவில் தொடங்குவதில் அவர் முன்னின்றது. தனக்குக் கிடைக்காத வகுப்பறையைத் தனக்குப் பின்வருவோருக்கு அவர் கட்டித் தந்தார். பத்மவிபூஷண் உள்ளிட்ட விருதுகளின் பட்டியலைக் காட்டிலும் இதுவே நினைக்கத்தக்கது.

இன்று பல்லடத்திலிருந்தோ கோபியிலிருந்தோ வரும் ஒரு பெண் எம்.பி.பி.எஸ். முதல் டி.எம். வரை கோவையிலேயே படிக்கலாம். ஆனால் அந்தப் படிப்பு கேட்கும் காலம் குறையவில்லை. பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள், எம்.டி.க்கு 3, டி.எம்.முக்கு 3 என்று, இடையில் ஒரு தேர்வும் தவறாமல் போனாலே பதினொன்றரை ஆண்டுகள். மகளை மருத்துவராக்க விரும்பும் வீடுகள் நம்மிடையே ஏராளம். முப்பது வயது வரை அவளைப் படிக்கவிடத் துணியும் வீடுகள் எத்தனை என்பதுதான் கேள்வி. போரில் வீடிழந்து, தந்தையும் சகோதரர்களும் என்ன ஆனார்களோ என்ற கவலையோடு கோவையில் வந்து இறங்கிய ஒரு பெண் அதற்கும் மேலான ஆண்டுகளைப் படிப்புக்குக் கொடுத்திருக்கிறார்.

2020 ஆகஸ்ட் 29 அன்று, கோவிட் தொற்றால், தாம் 1981இல் டெல்லியில் நிறுவிய தேசிய இதயக் கழகத்திலேயே பத்மாவதி காலமானார். வயது 103. நூறைத் தொடும் வயதிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கோவையில் இதயவியல் பயிலும் மாணவர்களுக்கு அவர் பெயர் டெல்லிக்காரர் ஒருவரின் பெயராகத் தோன்றக்கூடும். அவர்கள் பெறப்போகும் பட்டத்தின் வரலாற்றில் அவர்கள் ஊரும் ஒரு வரியாக இருக்கிறது என்பதை யாரேனும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.